மலை ஊருக்கு ஒரு நாட்குறிப்பு: முதல் வருடத்தை எழுதுவது எப்படி

மலை ஊரில் ஒருவர் நோட்டைத் திறந்து "இன்று மழை" என்று எழுதினால் அது பாதித் தகவல்தான். பேருந்து நிலையத்தில் கொட்டுகிற மழை, 100 மீட்டர் மேலே இருக்கும் தெருவில் வெறும் சாரலாக இருக்கும். முகட்டைத் தாண்டிய மறுசரிவில் துணி காய்ந்துகொண்டிருக்கும். சமவெளியில் ஒரு குறிப்பு பெரும்பாலும் ஊர் முழுவதற்கும் பொருந்திவிடும், மலையில் பொருந்தாது. ஆகவே இங்கே எழுதும் எந்தக் குறிப்போடும், அது வானிலையோ வரலாறோ சின்னத் துணுக்கோ, மூன்று விவரங்கள் ஒட்டிக்கொண்டே வர வேண்டும்: எந்த இடம், அந்த இடத்தின் உயரம் என்ன, மணி என்ன. இவை இருந்தால் அந்த வரி பத்து வருடம் கழித்தும் பேசும். இல்லாவிட்டால் எழுதியவருக்கே அடுத்த வருடம் புரியாது.

மலை ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கும், பல காலம் அங்கேயே இருந்து இப்போது எழுத நினைப்பவர்களுக்கும் உரிய வழிமுறை இது. தினமும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். பெரிதாக எழுத வேண்டியதில்லை. ஒரே கேள்வியை ஒரே விதமாகத் தினமும் கேட்பதுதான் முக்கியம். ஜப்பானின் நாகானோ மலைப்பகுதியில் இருக்கும் சுவா ஏரி எந்த நாளில் உறைந்தது என்பதை அங்குள்ள கோயில் பூசாரிகள் 1443 முதல் குறித்து வருகிறார்கள். ஆல்ப்ஸ் மலையின் கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயில், ஏறத்தாழ 2,470 மீட்டர் உயரத்தில், மடத்துத் துறவிகள் 1817இல் தொடங்கிய வானிலைப் பதிவு இன்றும் தொடர்கிறது. இரண்டுமே எளிய பதிவுகள். விடாமல் எழுதப்பட்டதால்தான் காலநிலை ஆய்வாளர்கள் இன்று அவற்றைத் தேடிப் படிக்கிறார்கள்.

நோட்டும் பென்சிலும்

ஏ5 அளவில், தைத்துக் கட்டிய, 200 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். சுருள்கம்பி நோட்டு வேண்டாம். மலை ஈரத்தில் கம்பி துருப்பிடித்து, ஓரம் கறையாகி, தாள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். எழுத எச்.பி. அல்லது 2பி பென்சில். ஜெல் பேனா மையும் ஊற்றுப் பேனா மையும் மூடுபனியில் ஊறிப் பரவும். பந்துமுனைப் பேனா ஈரத் தாளில் வழுக்கும், கடுங்குளிரில் மை இறுகும். பென்சிலுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வெளியே எடுத்துப் போகும்போது மூடி அழுத்தும் பிளாஸ்டிக் உறைக்குள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு வையுங்கள்.

முதல் பக்கத்தை விட்டுவிடுங்கள், அது அளவுகளுக்கு. கடைசிப் பத்துப் பக்கங்களை அகரவரிசை அட்டவணைக்கு ஒதுக்குங்கள். எல்லாப் பக்கத்துக்கும் இன்றே எண் போடுங்கள். அப்புறம் போடலாம் என்று விட்டால் ஒருநாளும் போட மாட்டோம். எண் இல்லாத நோட்டில் அட்டவணை எழுத முடியாது.

நோட்டை விரித்தால் இடப்பக்கம் எண்களுக்கு, வலப்பக்கம் எழுத்துக்கு. இடப்பக்கத்தில் ஒரு நாளுக்கு ஒரே வரி: தேதி, பார்த்த மணி, குறைந்த வெப்பம், அதிக வெப்பம், மழை மில்லிமீட்டரில், எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது, காற்றின் திசை. வலப்பக்கத்தில் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்தின் முன்னாலும் ஓர் எழுத்துக் குறி வையுங்கள். க என்றால் கண்டது, கே என்றால் கேட்டது, ப என்றால் படித்தது, ஊ என்றால் ஊகம். ஒரு நாள் பக்கம் இப்படி இருக்கலாம்:

"க: காலை 7.40, கீழ்ப் பாலம். ஓடைத் தண்ணீர் செம்மண் நிறம், நேற்றுத் தெளிவாக இருந்தது. கே: மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் மண் விழுந்ததாக லாரி ஓட்டுநர் சொன்னார். ஊ: இரவு மழையில் ஓடையின் மேல்கரை சரிந்திருக்கலாம்."

இந்த நான்கு எழுத்துகள் அற்பமாகத் தோன்றும். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதென்றால் இதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஊர் வரலாறுகள் கெட்டுப்போவது பெரும்பாலும் பொய்யால் அல்ல. ஒருவர் ஊகித்து எழுதியதை அடுத்தவர் கண்டதாக எடுத்துக்கொள்வதால்தான்.

மூன்று இடங்கள், மூன்று உயரங்கள்

முதல் வாரம் எதையும் அளக்காமல் ஊரைச் சுற்றுங்கள். பிறகு மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள்: பள்ளத்தாக்கின் அடியில் ஒன்று (ஓடைப் பாலம் அல்லது வயல் ஓரம்), ஊரின் நடுவில் ஒன்று, மேட்டில் அல்லது முகட்டுக்கு அருகில் ஒன்று. தினமும் பார்ப்பது உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள இடம். மற்ற இரண்டையும் வாரம் ஒருமுறை, ஒரே காலை நடையில் பார்த்துவிட வேண்டும். நான்காவது ஐந்தாவது இடம் என்று ஆசைப்பட்டால் இரண்டே மாதத்தில் எல்லாமே நின்றுவிடும்.

மூன்றின் உயரத்தையும் அந்த முதல் பக்கத்தில் எழுத வேண்டும். இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள், காரணம் கைபேசி. ஜி.பி.எஸ். கருவி முதலில் கணக்கிடுவது பூமியை ஒரு சீரான நீள்வட்ட உருண்டையாக வைத்துக்கொண்டு அதன் பரப்புக்கு மேல் இருக்கும் உயரத்தை. நாம் வழக்கமாகச் சொல்வது சராசரிக் கடல் மட்டத்துக்கு மேல் இருக்கும் உயரம். இடத்தைப் பொறுத்து இரண்டுக்கும் 100 மீட்டர் வரைகூட வேறுபாடு வரும். சில செயலிகள் இதைத் திருத்திக் காட்டும், சில காட்டாது. ஒரே கைபேசியில் இரண்டு செயலிகள் இரண்டு உயரம் சொல்வது இதனால்தான்.

காற்றழுத்தம் கொண்டு உயரம் சொல்லும் கருவிக்கு வேறு நோய். 2,000 மீட்டர் உயரத்தில் 1 மில்லிபார் அழுத்தம் குறைந்தால் அதை அது 10 மீட்டர் ஏற்றமாக எடுத்துக்கொள்ளும். புயல்சின்னம் நெருங்கி அழுத்தம் 8 மில்லிபார் இறங்கினால், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உங்களை 80 மீட்டர் மேலே ஏற்றிவிடும்.

சரியான வழி இது. உயரம் உறுதியாகத் தெரிந்த ஓர் இடத்தைக் கண்டுபிடியுங்கள்: நில அளவைத் துறையின் குறியீட்டுக் கல், உயரம் எழுதிய ரயில் நிலையப் பலகை, அல்லது சமஉயரக் கோடுகள் உள்ள வரைபடத்தில் தெளிவாகத் தெரியும் ஒரு சந்திப்பு. அழுத்தக் கருவியை அங்கே அந்த உயரத்துக்குத் திருத்தி வையுங்கள். உடனே நடந்து உங்கள் இடத்துக்குப் போய் அளவைக் குறியுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வாருங்கள். அங்கே கருவி 6 மீட்டர் கூடுதலாகக் காட்டினால், இடையில் வானிலை மாறியிருக்கிறது. நடுவழியில் எடுத்த அளவிலிருந்து அதில் பாதி, அதாவது 3 மீட்டரைக் கழித்துக்கொள்ளுங்கள். காற்றடிக்காத, மேகம் அசையாத காலை இதற்கு ஏற்றது. இப்படி மூன்று நாள் செய்து, மூன்றின் சராசரியை எழுதுங்கள். கூடவே "±5 மீ." என்று உங்கள் ஐயத்தையும் எழுதுங்கள்.

வெப்பமானி

குறைந்த அளவையும் அதிக அளவையும் நினைவில் வைக்கும் வெப்பமானி ஒன்று போதும். தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், நேர்வெயிலும் மழையும் படாமல், ஆனால் காற்று நன்றாகப் புகுந்து வெளியேறும்படி மாட்டுங்கள். சுவரில் ஆணி அடித்து மாட்டுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. பகலில் குடித்த வெயிலைச் சுவர் இரவெல்லாம் விட்டுக்கொண்டிருக்கும். உங்கள் குறைந்த வெப்பம் உண்மையைவிட 2, 3 டிகிரி கூடுதலாக நிற்கும். புல்தரையில் ஒரு கம்பம் நட்டு, வெள்ளையடித்த, பக்கங்களில் சாய்சட்டம் வைத்த சிறு மரக்கூண்டுக்குள் வைப்பது நல்லது. கூண்டின் கதவு வட அரைக்கோளத்தில் வடக்கே பார்க்க வேண்டும், தென் அரைக்கோளத்தில் தெற்கே. நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள மலைகளில் சூரியன் வருடத்தில் சில மாதம் வடக்கேயும் போகும், ஆகவே அங்கே கூரையை நான்கு பக்கமும் நீட்டிவிடுங்கள்.

உயரத்தோடு வெப்பம் குறைவது சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ். உங்கள் மேல் இடம் கீழ் இடத்தைவிட 300 மீட்டர் உயரம் என்றால் பகலில் சுமார் 2 டிகிரி குறைவாக இருக்க வேண்டும். தெளிந்த, காற்றில்லாத குளிர்கால இரவில் இது தலைகீழாகும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் தண்ணீர்போல வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஓடைக்கரையில் புல் வெளுத்துக் கிடக்க, மேட்டுத் தெருவில் பனித்துளிகூட இருக்காது. இப்படித் தலைகீழான நாட்களை வட்டமிட்டு வையுங்கள். மலை ஊரில் எந்த வீடு எங்கே கட்டப்பட்டது, எந்தத் தோட்டம் ஏன் கைவிடப்பட்டது என்பதற்கு அந்த வட்டங்களில் பதில் கிடைக்கும்.

மழை

விலை கொடுத்து மழைமானி வாங்க வேண்டும் என்பதில்லை. அடியும் பக்கமும் நேராக உள்ள எந்தப் பாத்திரத்தையும் வெளியே வைத்து, தேங்கிய நீரை அளவுகோலால் அளந்தால் அதுவே மழையின் அளவு. பாத்திரத்தின் வாய் அகலம் கணக்கில் வராது. ஆனால் 5 மில்லிமீட்டருக்குக் கீழே அளவுகோலால் துல்லியமாகப் பார்ப்பது கடினம். ஆகவே புனல் வைத்த குடுவை மேல். புனலின் வாய்க் குறுக்களவு 10 செ.மீ. என்றால் அதன் பரப்பு 78.5 சதுர செ.மீ. குடுவையில் சேரும் ஒவ்வொரு 7.85 மில்லிலிட்டரும் 1 மி.மீ. மழை. சேர்ந்த நீரை அளவுக் குழாயில் ஊற்றி, மில்லிலிட்டரை 7.85 ஆல் வகுத்தால் முடிந்தது.

குடுவையின் கொள்ளளவைப் பலர் யோசிப்பதில்லை. மலையில் ஒரே நாளில் 300 மி.மீ. கொட்டுவது உண்டு, அதற்கு இந்தப் புனலில் 2,356 மில்லிலிட்டர் சேரும். ஒரு லிட்டர் பாட்டில் நள்ளிரவிலேயே நிரம்பி வழிந்து, வருடத்தின் மிக முக்கியமான ஒரு நாளைத் தவறவிட்டுவிடும். இரண்டரை லிட்டர் பிடிக்கும் கலம் வையுங்கள்.

மரம், சுவர், கூரை ஆகியவை மழைமானியின் வாயைவிட எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரு மடங்கு தூரமாவது தள்ளி மானியை வையுங்கள். மரத்தடியில் வைத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. மூடுபனி இலைகளில் ஒட்டி, திரண்டு, சொட்டும். மழையே பெய்யாத நாளில் மரத்தடிச் சாலை நனைந்திருக்கும். மலைக் காடுகளுக்கு அந்தச் சொட்டு நீர் பெரிய வரவு, எனவே வலப்பக்கத்தில் தவறாமல் எழுதுங்கள். ஆனால் மழைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

தினமும் ஒரே மணிக்குப் பாருங்கள், காலை 8 மணி என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது அளப்பது முந்தைய 24 மணி நேரத்தின் மழை. அதை எந்தத் தேதியில் எழுதுவது என்பதை முதல் பக்கத்தில் ஒருமுறை தீர்மானித்து எழுதிவிடுங்கள். அளந்த தேதியிலேயே எழுதுவது எளிது. மழை இல்லையென்றால் 0. நீங்கள் பார்க்கவில்லையென்றால் சிறு கோடு. வெற்றிடம் விடாதீர்கள், நினைவிலிருந்து நிரப்பவும் செய்யாதீர்கள். ஒரு வாரம் ஊரில் இல்லாமல் திரும்பினால், தேங்கிய மொத்த நீரை அளந்து, ஏழு நாளையும் அடைப்புக்குறியால் சேர்த்து ஒரே எண்ணாக எழுதுங்கள். மாதக் கூட்டுத்தொகை கெடாது.

பனி என்று மட்டும் எழுதாதீர்கள்

தமிழில் பனி என்ற ஒரே சொல் நான்கைந்து பொருளைச் சுமக்கிறது. சமவெளியில் அது அழகு. மலை நாட்குறிப்பில் அது விபத்து. "காலையில் நல்ல பனி" என்று எழுதினால் புல்லில் துளி நின்றதா, எதிர்வீடு தெரியவில்லையா, தரை வெளுத்ததா, வானத்திலிருந்து விழுந்ததா என்று பிறகு யாரால் சொல்ல முடியும்? ஆகவே முதல் பக்கத்தில் உங்கள் அகராதியை எழுதிக்கொள்ளுங்கள்:

பனித்துளி: புல்லிலும் இலையிலும் நீராக நிற்பது.
உறைபனி: அதே இடத்தில் வெள்ளைப் படிகமாக ஒட்டியிருப்பது.
மூடுபனி: 1 கிலோமீட்டருக்குள் உள்ள பொருளும் தெரியாதபடி மறைப்பது.
மென்மூட்டம்: மங்கலாக இருந்தாலும் 1 கிலோமீட்டர் வரை தெரிவது.
பனிப்பொழிவு: வானத்திலிருந்து விழுவது.
ஆலங்கட்டி: இடிமழையோடு விழும் பனிக்கட்டி.

மூடுபனியை அளக்கக் கருவி தேவையில்லை. வீட்டு வாசலிலிருந்து தெரியும் நான்கு பொருட்களை, 50, 200, 500, 1,000 மீட்டர் தொலைவில், வரைபடத்தில் அளந்து பட்டியல் போடுங்கள்: மின்கம்பம், தண்ணீர்த் தொட்டி, மணிக்கூண்டு, எதிர்ச் சரிவின் தனிமரம். எது தெரிகிறது, எது தெரியவில்லை என்பதுதான் அன்றைய அளவு.

வெப்பமானி 3 டிகிரி காட்டும்போதே புல்லில் உறைபனி படிந்திருந்தால் கருவி கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். தெளிந்த இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும். புல்நுனி சுழிக்குக் கீழே போகும், ஒரு ஆள் உயரத்தில் தொங்கும் வெப்பமானி அங்கே போகாது. இரண்டையும் அப்படியே எழுதுங்கள்.

காற்றுக்கும் ஒரு வரி வேண்டும். பகலில் வெயில் பட்ட சரிவு சூடேறி, பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேலே ஏறும். மதியத்துக்குள் முகட்டில் மேகம் கட்டும். இரவில் திசை மாறி மலைக்காற்று கீழே இறங்கும். மலைக் காட்சி காலையில் தெளிவாகவும் மதியத்துக்குமேல் மறைந்தும் இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். புகைபோக்கியின் புகை எந்த மணிக்குத் திசை மாறுகிறது என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் திசை மாறாமல் போன நாளில் வெளியிலிருந்து ஏதோ பெரிய காற்று வந்திருக்கிறது என்று பொருள்.

சூரியன் எந்த முகட்டில்

நாட்காட்டியில் அச்சடித்த சூரிய உதயம் தட்டையான அடிவானத்துக்குக் கணக்கிட்டது. மலை ஊரில் வெயில் வாசலுக்கு வருவது அதற்கு ஒரு மணி நேரம் கழித்தும் இருக்கலாம். நார்வேயின் ருயுகான் பள்ளத்தாக்கு நகரத்துக்குச் செப்டம்பர் கடைசி முதல் மார்ச் நடுப்பகுதி வரை நேர்வெயிலே கிடையாது. மக்கள் மேலே போய் வெயில் காய 1928இல் கம்பிவட ஊர்தி ஒன்று அமைத்தார்கள். 2013இல் மலைமேல் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தி ஊர்ச் சதுக்கத்துக்கு வெயிலைத் திருப்பினார்கள். இத்தாலியின் விகனெல்லா கிராமம் 2006இலேயே இப்படி ஒரு கண்ணாடியை வைத்துவிட்டது.

உங்கள் ஊருக்கு இதைச் செய்யுங்கள். வீட்டில் ஒரே சன்னலில் நின்று கிழக்கு முகட்டின் வரியை ஒரு நீளத்தாளில் வரையுங்கள்: சிகரம், பள்ளம், கோபுரம், தனிமரம். வாரம் ஒருமுறை சூரியன் முதலில் எட்டிப் பார்க்கும் இடத்தில் ஒரு புள்ளியும் தேதியும் மணியும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் புள்ளிகள் வேகமாக நகரும். ஜூன், டிசம்பர் கடைசி வாரங்களில் ஒரே இடத்தில் நின்று திரும்பும். நேராகச் சூரியனைப் பார்க்காதீர்கள், விளிம்பில் ஒளி உடைக்கும் அந்த நொடி போதும். ஒரு வருடத்தில் அந்தத் தாள், அந்தச் சன்னலுக்கு மட்டுமே பொருந்தும் நாட்காட்டி ஆகிவிடும்.

கற்களைப் படிப்பது

ஊரின் வரலாற்றுக்கு நூலகத்தைவிட முதலில் போக வேண்டிய இடம் கற்கள் இருக்கும் இடம்: அடிக்கல், பாலத்தின் கல்வெட்டு, கல்லறை, நினைவுத்தூண். பாசி படிந்த எழுத்தைப் படிக்கக் கம்பித்தூரிகை, சுண்ணாம்புத்தூள், சவர நுரை எதையும் பயன்படுத்தாதீர்கள். நூறு வருடம் தாங்கிய கல் ஒரே மாலையில் கெடும். சாய்வெளிச்சம் போதும். காலை, மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது பாருங்கள். நிழலில் இருக்கும் கல் என்றால் ஒருவர் கண்ணாடியைப் பிடித்து ஓரத்திலிருந்து வெளிச்சத்தை அடிக்கட்டும், இன்னொருவர் படம் எடுக்கட்டும். இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என மூன்று படம். நோட்டில் வரி வரியாக, பிழையோடு, கல்லில் இருக்கிறபடியே எழுதுங்கள். தெரியாத எழுத்துக்குப் புள்ளி.

மூன்று பொறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, ஒரு கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய தேதி, கட்டி முடித்த தேதி, திறந்துவைத்த தேதி என மூன்று உண்டு. எது என்று எழுதாவிட்டால் அடுத்த வருடமே உங்கள் நோட்டில் இரண்டு தேதி சண்டை போடும். இரண்டு, "34ஆவது வயதில் இறந்தார்" என்றால் அவருக்கு 33 நிறைந்திருந்தது என்று பொருள். மூன்று, பழைய நாட்காட்டிகள். பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752இல் புதிய நாட்காட்டிக்கு மாறியபோது செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆனது. ரஷ்யா 1918இல்தான் மாறியது. தேதியை மாற்றி எழுதாதீர்கள், கல்லில் உள்ளதை எழுதிப் பக்கத்தில் குறிப்பு வையுங்கள்.

பழைய ஆவணங்களில் ஊரின் உயரம் அடியில் இருக்கும், 0.3048 ஆல் பெருக்கினால் மீட்டர். ஆனால் அந்த உயரம் எப்படி அளக்கப்பட்டது என்று பாருங்கள். தண்ணீர் கொதிக்கும் வெப்பம் ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 1 டிகிரி குறையும். 2,000 மீட்டரில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பழைய பயணிகள் பலர் இதை வைத்தே உயரம் கணித்தார்கள். வெப்பமானியில் 0.1 டிகிரி பிழை என்றால் உயரத்தில் 30 மீட்டர் பிழை. எனவே பழைய நூலில் ஊர் 50 மீட்டர் குறைவாக இருந்தால் மலை வளர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். கோணங்களால் கவனமாகக் கணித்த எவரெஸ்ட்டுக்கே 1856இல் அறிவித்தது 29,002 அடி; 2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த 8,848.86 மீட்டர் அதைவிட ஏறத்தாழ 30 அடி கூடுதல்.

பழைய புகைப்படம் எங்கிருந்து எடுக்கப்பட்டது

இந்த ஒரு வேலையில் மலை ஊருக்குக் கிடைத்த வசதி வேறு எந்த ஊருக்கும் இல்லை. கட்டடம் இடிந்தாலும் முகட்டின் வரி மாறாது. செய்முறை:

1. படத்தின் நகலில் முகட்டின் வரியைப் பென்சிலால் அழுத்திக் கோடிடுங்கள்.
2. அருகில் உள்ள ஒன்றும் தொலைவில் உள்ள ஒன்றும் ஒன்றின் பின் ஒன்றாக வரும் இரண்டு இடங்களைப் படத்தில் தேடுங்கள். கோபுர நுனிக்கு நேர் பின்னால் ஒரு மலைப்பள்ளம், பாலத் தூணுக்கு நேர் பின்னால் ஒரு பாறை என்பதுபோல. ஒன்று படத்தின் இடப்பக்கத்திலும் மற்றது வலப்பக்கத்திலும் இருந்தால் நல்லது.
3. ஊரில் நடந்து, முதல் ஜோடி நேர்க்கோட்டில் வரும் இடத்தைப் பிடியுங்கள். அந்தக் கோட்டிலிருந்து விலகாமல், இரண்டாவது ஜோடியும் சேரும்வரை முன்னும் பின்னும் நகருங்கள். இரண்டும் சேரும் இடத்தில்தான் புகைப்படக்காரர் நின்றார்.
4. சேரவில்லையா? நீங்கள் வலப்பக்கம் நகர்ந்தால் அருகில் உள்ளது தொலைவில் உள்ளதைவிட இடப்பக்கம் நகர்வதுபோல் தெரியும். அதை வைத்துத் திருத்துங்கள்.
5. கூரையின் விளிம்பு மலையின் எந்த மட்டத்தை வெட்டுகிறது என்று பாருங்கள். படத்தில் மலை கூடுதலாக எட்டிப் பார்த்தால் அவர் உங்களைவிட உயரமான இடத்தில், ஒருவேளை மாடியில், நின்றிருக்கிறார்.

எவ்வளவு முயன்றும் முகடு பொருந்தவில்லை என்றால், படத்தைக் கண்ணாடியில் பாருங்கள். கண்ணாடித் தகட்டு எதிர்ப்படியை (நெகட்டிவ்) புரட்டி வைத்து அச்சிட்டால் இடவலம் மாறிவிடும். பெயர்ப்பலகை எழுத்தும் சட்டைப் பொத்தான்களும் அதைக் காட்டிக்கொடுக்கும். பொருந்திய இடத்தில் அதே மணியில், அதே நிழல் நீளத்தில் ஒரு படம் எடுத்து இரண்டையும் சேர்த்து வையுங்கள். காடு ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா, ஓடை இருந்த இடத்தில் என்ன நிற்கிறது என்பதெல்லாம் அடுத்தடுத்து வைத்ததும் தெரியும்.

பெரியவர்களிடம் கேட்பது

"அது எந்த வருடம்?" என்று கேட்காதீர்கள். வருடம் யாருக்கும் சரியாக நினைவிராது. கேட்டவரின் மனம் கோணக் கூடாதே என்று ஏதோ ஒன்றைச் சொல்வார்கள். "பாலம் வருவதற்கு முன்னாலா, பின்னாலா?", "அப்போது மின்சாரம் இருந்ததா?", "நீங்கள் எந்த வகுப்பில் இருந்தீர்கள்?" என்று கேளுங்கள். இதற்காக, ஆவணத்தில் தேதி உறுதியான பத்து நிகழ்வுகளின் பட்டியல் ஒன்றை முன்பே செய்து வையுங்கள்: பெரிய மண்சரிவு, முதல் பேருந்து, பள்ளி திறப்பு, அணை. அவர்கள் சொல்வதை இரண்டு நிகழ்வுகளுக்கு நடுவில் பொருத்தினால் போதும்.

ஒரு செய்திக்கு இரண்டு பேர் சாட்சி என்றால் அவர்கள் தனித்தனியாக அறிந்தவர்களாக இருக்க வேண்டும். ஒரே விழா மலரைப் படித்த இருவர் ஒரு சாட்சிதான். எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள். அப்போதுதான் நிறையத் திருத்தம் வரும், மறந்த பாதியும் வரும். உயிரோடு இருப்பவர்களின் குடும்ப விஷயம் நோட்டில் பெயரோடு வேண்டாம்.

துணுக்குகளைச் சோதிப்பது

மலை ஊர்த் துணுக்குகளில் பாதிக்கு மேல் "முதல்", "பெரிய", "உயர்ந்த" என்ற மூன்று சொற்களில் நிற்கும். இவற்றைக் கேட்டதும் எல்லையைக் கேளுங்கள். எதற்குள் உயர்ந்தது? உலகின் மிக உயரமான நிரந்தரக் குடியிருப்பு என்று சொல்லப்படும் பெருவின் லா ரிங்கொனாடா ஏறத்தாழ 5,100 மீட்டரில் இருக்கிறது. "நிரந்தர" என்ற சொல்லை எடுத்துவிட்டால் அந்தக் கூற்றே மாறிவிடும். அதுபோல "பிறந்த" என்ற சொல்லும். ஸ்னூக்கர் என்ற மேசைப் பந்தாட்டம் உதகையில் பிறந்தது என்பார்கள். 1875இல் ஜபல்பூரில் ஆங்கிலப் படை அதிகாரிகளிடையே உருவாகிப் பெயர் பெற்றது, பிறகு உதகையில் அதற்கு விதிகள் வகுக்கப்பட்டன என்று பிரித்து எழுதினால் இரண்டு ஊருக்கும் நியாயம் கிடைக்கும்.

இதைவிடச் சுவையான துணுக்கு, "ஏன் இங்கே?" என்ற கேள்வியில் கிடைக்கும். பெரும்பாலும் பதில் சரிவிலோ உயரத்திலோ இருக்கும். உதகை அருகே 1970இல் முடிக்கப்பட்ட ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. அது அந்த இடத்தில் இருப்பதற்குக் காரணம், அந்த மலைச்சரிவின் சாய்வு ஏறத்தாழ 11 டிகிரி, அந்த இடத்தின் அட்சரேகையும் அதேதான். அதனால் சரிவில் வடக்குத் தெற்காகப் படுத்திருக்கும் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே அச்சில் சுழற்றினால் வானப்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். பொலிவியாவின் லா பாஸ் நகரில் வசதியானவர்கள் கீழ்ப் பள்ளத்தாக்கில் குடியிருக்கிறார்கள். அங்கே குளிர் குறைவு, மூச்சுக்குக் காற்று அதிகம். வேறு பல மலை ஊர்களில் பெரிய மாளிகைகள் மேட்டில் நிற்கும். உங்கள் ஊரில் எது எந்த உயரத்தில், ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால் ஒரு வருடத்துக்குத் துணுக்குப் பஞ்சம் வராது.

ஊர்ப்பெயர் விளக்கங்களில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஒலியை வைத்து அழகான கதை கட்டுவது எல்லா மொழியிலும் உண்டு. மிகப் பழைய வரைபடத்தில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கும்வரை அந்த விளக்கத்துக்கு முன்னால் கே என்ற குறியே இருக்கட்டும்.

மண்ணின் அறிகுறிகள்

நாட்குறிப்பு எழுதுபவர் கண்ணில் இவை முதலில் படும் என்பதால் தனியாகச் சொல்ல வேண்டும். ஊற்று நீர் திடீரென்று கலங்குவது அல்லது நிற்பது, சரிவில் புதுவெடிப்பு, சாய்ந்த மின்கம்பம், மூடாமல் இறுகும் கதவு, ஓடையில் மழைக்கு நடுவே நீர் திடீரென்று குறைவது: எல்லாம் சரிவு அசைகிறது என்பதற்கான அடையாளங்கள். வெடிப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து இடைவெளியை மில்லிமீட்டரில் அளக்கலாம், காய்ந்த நாளில் மட்டும், சரிவின் அடியில் நிற்காமல். இடைவெளி கூடினால் நோட்டில் எழுதுவதற்கு முன் ஊர் நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள், சரிவின் கீழ் வசிப்பவர்களுக்கும் சொல்லுங்கள். கனமழை நாளில் அளக்கப் போகவே கூடாது.

மாதக் கடைசியில்

மாதம் ஒருநாள் அரை மணி நேரம் ஒதுக்கி மூன்று வேலைகளை முடியுங்கள். மழையின் கூட்டுத்தொகையும் வெப்பத்தின் சராசரியும் போடுங்கள். புதிய பெயர்களையும் இடங்களையும் பக்க எண்ணோடு கடைசி அட்டவணையில் ஏற்றுங்கள். கே, ஊ குறிகள் உள்ள வரிகளைத் திரும்பப் படியுங்கள். உறுதியானதற்குப் பக்கத்தில் எப்படி உறுதியானது என்று தேதியோடு எழுதுங்கள், பொய்யானதை அழிக்காமல் ஒற்றைக் கோட்டால் அடியுங்கள். அடித்த வரியும் பயன்படும், அதே வதந்தி மூன்று வருடம் கழித்து வேறு வாயிலிருந்து திரும்ப வரும்போது.

பக்கங்களைப் படமெடுத்து, கோப்புக்கு வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் பெயர் வையுங்கள். அப்போதுதான் கணினி சரியாக அடுக்கும். ஒரு நகல் வீட்டில், ஒன்று இணையச் சேமிப்பில், ஒன்று மலைக்கு வெளியே உறவினரிடம். மலை ஊர்க் காகிதத்துக்குப் பெரிய எதிரி பூஞ்சை. நிறைந்த நோட்டை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள், அந்தச் சுவரில்தான் ஈரம் வியர்க்கும். அறையின் உட்சுவர்ப் பக்கம், பின்னால் இரண்டு விரல் இடைவெளி விட்டு, நிற்கும்படி வையுங்கள். அடைமழைக் காலம் முடிந்ததும் வெயில் நேராகப் படாத இடத்தில் ஒருநாள் விரித்துக் காற்றாட வையுங்கள்.